மைனஸ் எண்பது

குளச்சல் ஐஸ் பிளாண்டில் உடைத்த கட்டிகளுக்குள்
சூரை மீனுக்குப் பக்கத்தில்
என் ரத்தக் குப்பிகளும் பஸ் ஏறின.
நாகர்கோவில் வரை புடவையெல்லாம் கவிச்சி.

இரட்டையர்.
வென்சிலாஸுக்கு ஆழ்கடல்,
கிளாரன்ஸுக்குக் கூட்டுறவு வங்கி.
எழுத்து மாறாத ஒரே மரபணு;
அதன்மேல் உப்பும் உறக்கமின்மையும்
ஒட்டிவிட்டுப் போன மெத்தில் துணுக்குகள் மட்டும் வேறு.
பிறந்து இருவருக்கும் நாற்பத்தொன்று.
என் கணக்கில் அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று.

"பன்னெண்டு கூடுதலா?
அப்பம் பென்சன் நேரத்தே தருவினுமா டாக்டரே?"
வென்சிலாஸ் சிரித்ததை
எந்தக் கட்டுரையிலும் நான் சேர்க்கவில்லை.

ஒக்கியில் போனவன் திரும்பவில்லை.
அந்த ஐம்பத்து மூன்றை
அவன் எட்டவே இல்லை.

ஓய்வு பெறும் வாரம்,
சாவிகளை எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்தேன்.
வாசலில் கிளாரன்ஸ், முழுக்க நரைத்து.
"அவன் இஞ்ச இருக்கானா?"

மூன்றாம் தட்டு, பதினேழாம் குப்பி.
பனியைத் துடைத்தால் என் பழைய கையெழுத்து:
வயது 41.
ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு
நான் சண்டை போட்ட இரவுகளெல்லாம்
இந்த எண் மாறாமல் இருக்கத்தானோ.

"ரொம்ப நேரம் வெளியே வைக்கக் கூடாது" என்றேன்.

"தெரியும்" என்றான்.
"மீனும் அப்படித்தானே."