கசிவு

ஆறு மணிக்கு வண்டி வந்தது.
ஈயக் குடுவையை இரு கையாலும் வாங்கினேன்.
கையெழுத்துப் போடும்போதே
உள்ளிருப்பது தேய்ந்துகொண்டிருந்தது.
காபியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படுக்கையில் பியுர்கின்.
பாசல் நகரத்து ரைன் நதியில்
நாற்பத்தோராண்டு படகு விட்டவர்.
மோட்டார் கிடையாது. குறுக்கே ஒரு கம்பி, அதில் ஒரு கயிறு,
சுக்கானைச் சற்றுச் சாய்த்தால்
ஆறே தள்ளிக்கொண்டுபோய் அக்கரையில் விடும்.
இப்போது ஆறு
அவர் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது.
நான்கு தலையணை அடுக்கி
உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

"எவ்வளவு தண்ணி?" என்றார்.
வந்த வழி தெரிந்தால்தான் மருந்து என்றேன்.
வெள்ளம் கரைமேல் வழிந்ததா,
கரையே பொத்துப்போனதா?

இரண்டு ஒற்றர்களை ஊசியில் அனுப்பினேன்.
சிவப்பணுவின் முதுகில் ஏறிய டெக்னீசியம்
தெருவைவிட்டு இறங்காது.
புரதத்தின் கைப்பிடித்த காலியமோ
சுவரில் விரிசல் கண்டால்
உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.
ஒன்றை வைத்துத்தான்
மற்றது எங்கே போனதென்று தெரியும்.

வலது மார்பில் கருவியை வைத்தேன்.
"ஜில்லென்று இருக்கிறது."
"ஒரு மணி நேரம் அசையக்கூடாது."
"பேசலாமா?"
பேசினார். நடு ஆற்றில் மனம் மாறிய ஒரு மாப்பிள்ளையை
வந்த கரைக்கே கொண்டுபோய் விட்டாராம்.
மாலை, பூங்கொத்து, பட்டுத்தொப்பி எல்லாவற்றோடும்.
இரண்டு தடவைக்கும் காசு வாங்கினாராம்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி
இருமல் நுரையாகி
கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
முப்பத்தெட்டாம் நிமிடத்தில்
திரையின் கோட்டில் ஒரு மேடு.
அதன் பக்கத்தில் எழுதிவைத்தேன்: மாப்பிள்ளை.

மற்றபடி கோடு படுத்தே கிடந்தது.
இரண்டு எண்ணிக்கையும்
கைகோத்துப் போயின, ஒன்றும் பிரியவில்லை.
டாக்டர் நேகலின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு முறை பார்த்தார்.
கரை உடையவில்லை.
தள்ள முடியாத இதயத்தின் பின்னால்
தேங்கி வழிந்த தண்ணீர்தான்.

நரம்பில் மருந்து ஏறியது.
சாயங்காலத்துக்குள் இரண்டு லிட்டர் இறங்கி
தலையணை ஒன்று குறைந்தது.
குடுவைகளை நானே கொண்டுபோனேன்.
நேராக எங்கும் ஊற்ற முடியாது,
நிலவறைத் தொட்டியில்
கதிர் அடங்கும்வரை கிடக்க வேண்டும்,
அப்புறம்தான் சாக்கடை, சுத்திகரிப்பு,
கடைசியில் ரைன்.

சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்திருந்தார்.
"அதுவும் இந்தக் கரையிலிருந்துதானே ஏறுகிறது,"
என்றார்,
"காசு வாங்கினீர்களா?"