செந்தட்டி மாதம்

கவுனாஸ் நகரில் முப்பத்தொரு வருடம்
டிராலிபஸ் ஓட்டிய கால் இது.
நிறுத்தத்துக்கு நிறுத்தம் நான் மிதித்ததையெல்லாம்
எண்ணி வைத்திருந்தது போல.
இப்போது வட்டியோடு கேட்கிறது.

பிப்ரவரியில் முட்டைக்கோஸ் இலை.
நடு நரம்பைச் சப்பாத்திக் கட்டையால் நசுக்கி
தேன் தடவி, முட்டியில் சுற்றிப் படுத்தேன்.
விடிந்தபோது இலை வதங்கியிருந்தது.
வலி வதங்கவில்லை.
படுக்கையெல்லாம் சூப் வாடை.
"புளித்த க்ரீம் ஒரு கரண்டி கொண்டு வரட்டுமா?"
என்றான் ஜெனோனாஸ்.

மார்ச்சில்,
போன வசந்தத்து லைலாக் பூ
ஓட்காவில் ஊறிக் கிடந்த புட்டி.
'தேய்ப்பதற்கு மட்டும்' என்று தாளில் எழுதி
அவன் கண்ணில் படும்படி ஒட்டினேன்.
புட்டியில் மட்டம் குறைந்தது,
முட்டியில் வீக்கம் குறையவில்லை.
நான் தேய்த்த கணக்கு எனக்குத் தெரியும்.
ஒரு மாதம் தினமும் இரவில்
அவன் வாயை மோந்து பார்த்தேன்.
பற்பசை வாசம்தான். கள்ளன், என்று நினைத்தேன்.

டாக்டர் ஸ்கிர்மாந்தே
எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
"நடுவிலிருந்த மெத்தை தேய்ந்துவிட்டது.
செடிகொடியோடு எனக்குப் பகையில்லை,
மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.
அறுவைக்கு வரிசை, பதினான்கு மாதம்."
வரிசையில் நிற்கவும்
முட்டி வேண்டுமே அம்மா.

மே வந்தது.
தோட்டக் குடிசையின் வேலியோரம்
இடுப்பளவு செந்தட்டி.
"வெட்டி வந்து அடி," என்றேன்.
அவன் நகரவில்லை.

அப்பாவின் பெல்ட் ஆணியில் தொங்கிய வீட்டில்
வளர்ந்தவன் அவன்.
இந்த நாற்பது வருடத்தில்
என் தோளில் உட்கார்ந்த கொசுவைக்கூட
ஊதித்தான் விரட்டியிருக்கிறான்.

கடைசியில் வந்தான்.
வெல்டிங் கையுறை, கைக்குள் பச்சைக் கட்டு,
கண்ணைப் பாதி மூடிக்கொண்டு
மயிலிறகால் வருடுவது போல் ஒரு வருடல்.
"துடைக்கிறாயா அடிக்கிறாயா?
கையுறையைக் கழற்று.
கைக்குத் தெரிந்தால்தான் அளவு தெரியும்."

கழற்றினான்.
அடித்தான்.

மழை நாளில் முன்கதவு வழியே
மொத்தக் கூட்டமும் ஒரேயடியாய் ஏறியது போல்
சுரீரென்று, திபுதிபுவென்று, சூடு.
தோல் முழுக்கத் தடிப்பு.
பழைய வலியைப் பார்த்து
உள்ளே கத்தினேன், பழக்க தோஷம்:
பின்னால் நகருங்கள், பின்னால் நகருங்கள்.
அது இறங்கிப் போகவில்லை.
ஆனால் நகர்ந்தது.
கடைசி இருக்கையில்
ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
சிவந்த கையை,
விரித்து, மடக்கி, மறுபடி மடக்கி.
கட்டைவிரல் அடியில் ஒரு கணு,
உரித்த பூண்டுப் பல் அளவு.
ஊறுகாய் ஜாடியை ஒரு வருடமாய்
"நீ திற, உனக்குத்தான் பலம்" என்று
என்னிடம் நீட்டிய கை.

"எத்தனை நாளாய்?"
"புட்டி குறைய ஆரம்பித்த நாளாய்."

தாளில் நான் எழுதியிருந்தபடியே
தேய்ப்பதற்கு மட்டும்.

அவன் கையிலிருந்து கட்டை வாங்கி
மிச்சமிருந்த தண்டால்
அந்தக் கணுவில் நானும் இரண்டு வைத்தேன்.
இளந்தளிரைக் கிள்ளிச் சூப்புக்கு ஒதுக்கினேன்.
கொதிக்கும் நீரில் அதன் கோபம்
ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

இரண்டு கிண்ணம்,
அரை அரை முட்டை.
நடுவில்
திறக்காத க்ரீம் ஜாடி.
யார் முதலில் கை வைப்பது என்று
ஒருவரையொருவர்
பார்த்துக்கொண்டிருந்தோம்.