விழாதவை

அறைக்குத் தீவின் பெயர்,
இனிஷ்போஃபின்.
ஜன்னல் இல்லை, கடலும் இல்லை.
ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
யாரோ துடைக்காமல் விட்ட வெள்ளைப் பலகையில்
பாதி அம்புக்குறி.

மடிக்கணினியைத் தன் பக்கமே திருப்பி வைத்து
லோர்கன் வாசித்தான்:
'எதிர்பார்ப்புகளை ஓரளவே நிறைவு செய்தார்.'
படர்க்கையில்.
எதிரே உட்கார்ந்திருந்த நான்
யாரைப் பற்றி என்று ஒரு கணம் யோசித்தேன்.

'கண்ணுக்குத் தெரியும் தாக்கம் போதாது.'

சரிதான்.
ஜனவரி பதினேழு, பின்னிரவு மூன்று மணி,
பணப்பட்டுவாடா சர்வர்கள் ஒவ்வொன்றாய்ச் சாயத் தொடங்கியபோது
கம்பளிக் காலுறையோடு சமையலறையில் நின்று
நிமிர்த்தி வைத்தவள் நான்.
காலையில் லிமெரிக்கில் ஒருவன் பெட்ரோல் போட்டான்,
கார்டு வேலை செய்தது.
அவனுக்கு என்ன தெரியும்.
விழாத கூரையை
அண்ணாந்து பார்ப்பவர் யார்.

மார்ச்சில், ஒரு பொத்தானை நீலத்திலிருந்து பச்சையாக்கிய
ஃபீக்ராவுக்குக் கேக் வெட்டினார்கள்.
நானும் ஒரு துண்டு தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது.

ஆட்சேபம் இருந்தால் எழுதலாம்.
அதற்கொரு கட்டம் உண்டு:
ஐந்நூறு எழுத்து, இடைவெளியும் சேர்த்து.
என் முதல் வரைவு நாலாயிரத்து இருநூறு.
'அநியாயம்' ஆறு இடத்தில்.
முதலில் அதை எடுத்தேன்.
பிறகு 'எப்போதும்', பிறகு 'யாருமே',
பிறகு பெயரடைகள் மொத்தமும்.
'தயவுசெய்து' மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது,
டிராம் ரனெலா தாண்டும்போது
லோர்கனின் பெயரோடு சேர்த்து அதையும் பிய்த்தேன்.
மிஞ்சியது பதினொரு தேதி, பதினொரு நேரம்,
ஒவ்வொன்றின் அருகிலும் 'சரிசெய்யப்பட்டது'.
நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இரண்டு எழுத்து மீதம்.
அதில் என்ன சொல்ல முடியும்?
விட்டுவிட்டேன்.

ஒன்பது நாளில் பதில்:
'பெறப்பட்டது. மதிப்பீட்டில் மாற்றமில்லை.'

கால்வாய்ப் பாலத்தில் லோர்கன்
சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
'பன்னிரண்டு பேரில் ஒருவர் கீழே இருந்தாக வேண்டும், டெர்வ்லா.
நீ தாங்குவாய் என்று நினைத்தேன்.'
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
ஒரு சிப்ஸ் பொட்டலத்துக்காக இரண்டு அன்னங்கள்
அடித்துக்கொண்டதை
இருவரும் தேவைக்கு மேல் நேரம் பார்த்தோம்.
தாங்குவதும் ஒரு திறமை என்றால்
அதை எந்தக் கட்டத்தில் எழுதினாய் என்று கேட்டேன்.
செயினைச் சரிபார்க்கக் குனிந்தான்.
செயின் சரியாகத்தான் இருந்தது.

செவ்வாய் இரவு இரண்டு பத்துக்குக் கைபேசி அலறியது.
நாலு முறை அலறவிட்டேன்.
ஐந்தாவது முறை லிமெரிக்காரன் நினைவுக்கு வந்தான்,
பம்பைப் பிடித்த கையோடு.
எழுந்தேன்.
நாற்பது நிமிடம்.
பிறகு, இதுவரை செய்யாத ஒன்று:
துறை முழுவதுக்கும், அதற்கு மேல் நாலு படிக்கும்
ஒரே வரியில் அஞ்சல்.

ஒன்று விழ இருந்தது. விழவில்லை. டெர்வ்லா டூஹி.

தூக்கம் வரவில்லை.
புதன்கிழமை. பழுப்புக் குப்பைத்தொட்டியை
வாசலுக்கு இழுத்துப் போனேன்.
சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது
தெருவுக்கே கேட்கும்படி.
தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.
இழுத்துக்கொண்டே போனேன்.