ஆறு இலக்கம்

செவ்வாய்க்கிழமை, ஏழாம் முகப்பு.
வரிசை எண் 2046 என்று
நான்கு மொழியில் அழைத்தது இயந்திரம்.
வந்தவர் ருஸ்மினா பிந்தி லாசிம்,
வயது ஐம்பத்தொன்று,
தெலுக் பிளாங்காவில் மூவறை வீவக வீடு.
கையில் ஒரு பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் இன்னும் இரண்டு உறை.

புதுத் திட்டம் அது.
தெற்குத் தீவுகளிலிருந்து கரையேற்றப்பட்ட
கடல் குடிகளுக்கு ஆதரவு நிதி.
படிவத்தின் தலைப்பில் 'பூர்வகுடி' என்று ஒரு சொல்.
பதினெட்டு ஆண்டில்
இந்த விசைப்பலகையில் நான் அதை அடித்ததே இல்லை.
அடித்ததும் அதன் காலடியில்
நெளிந்து ஓடியது ஒரு சிவப்புக் கோடு.

தகப்பனார் பிறந்த இடம்?
"படகில்," என்றார் மலாயில்.
எந்தப் படகு என்று கேட்க எழுந்த வாயை
அடக்கிக்கொண்டேன்.
"செமாக்காவ் பக்கம். நீர் வற்றிய நேரம்."
அஞ்சல் குறியீடு கட்டாயம் என்றது திரை.
ஆறு இலக்கம்.

ஆறு பூஜ்யம் போட்டேன். செல்லாது.
ஆறு ஒன்பது. செல்லாது.
பின்னால் முப்பது பேர் காத்திருக்கிறார்கள்;
எங்கள் அலுவலகத்தின் குறியீட்டையே போட்டேன்.
பச்சையாகி வழிவிட்டது.
அப்படியாக, திரு லாசிம் அவர்கள்
குளிரூட்டிய இரண்டாம் மாடியில்
அச்சு இயந்திரத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே
பிறந்தருளினார்.

இருவருமே சிரித்துவிட்டோம்.
முதலில் நிறுத்தியவர் அவர்தான்.
"அழிச்சிடுங்க, என்சிக்.
காசுக்காக அவரை இங்க பிறக்க வைக்க வேண்டாம்."

அழித்தேன். பெட்டி மறுபடி சிவந்தது.

போன மாதம்தான் எங்களுக்குச் சீர்திருத்தப் பட்டறை,
ஹோட்டல் மண்டபத்தில், மஞ்சள் ஒட்டுத்தாள்களோடு.
'மக்களுக்குத் தவறான கதவு என்று எதுவுமில்லை' என்றார்
பயிற்சியாளர், ஐந்து முறை.
கைதட்டினோம்.
கறிபஃப் நன்றாக இருந்தது.

அவருக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது:
வீட்டுக் கால்கள் நின்ற அந்தக் கரையில்
ஒருநாள் இறங்கி நிற்க அனுமதி,
குடும்பத்தில் பதினோரு பேருக்கு.
கதவுகளைத் தட்டிப் பார்த்தேன்.
மேடு சுற்றுப்புறத்தாருடையதாம், நீர் துறைமுகத்தாருடையதாம்.
நீர் வற்றினால் தெரியும் சேறு?
தரையாக இருக்கும்போது எங்களுடையதல்ல என்றது ஒரு குரல்,
கடலாக இருக்கும்போது எங்களுடையதல்ல என்றது இன்னொன்று.
மூன்றாவது குரல் சரியான எண்ணைத் தருகிறேன் என்றது.
எழுதிக்கொண்டேன்.
என் மேசைத் தொலைபேசி எண்.

எரித்த நம் குப்பையின் சாம்பல்
அந்தத் தீவுக்குத்தான் போகிறது.
போன தீபாவளிக்கு வாங்கிய தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டி,
முறுக்கெண்ணெய் ஊறிய செய்தித்தாள்,
மகன் தூக்கியெறிந்த கணக்கு நோட்டுகள்,
எல்லாம் இந்நேரம் அங்கே குடியேறியிருக்கும்.
ஒரு படிவமும் நிரப்பாமல்.
யாரும் அவற்றிடம் எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
குறிப்புப் பெட்டியில் எண்பது எழுத்துக்கு இடமிருந்தது.
'தகப்பனார் படகில் பிறந்தவர்.
படகுக்கு எண் இல்லை' என்று எழுதி,
விண்ணப்பத்தைத் தாளிலேயே மேலே அனுப்பினேன்.
அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.
கொடுத்தேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

நான்கு மாதம் கழித்து
அஞ்சல் குறியீட்டுக்கு அருகிலிருந்த
சின்னச் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்கள்.
சுற்றறிக்கையில் அதற்கு ஒரு வரி, பதினேழாவது.
இனி அந்தப் பெட்டி
வெறுமையாகவே இருக்கலாம்.

நிதி பாதி வந்தது.
அனுமதி இன்னும்
தரைக்கும் கடலுக்கும் நடுவே எங்கோ.

நேற்றிரவு ருஸ்மினா ஒரு படம் அனுப்பியிருந்தார்.
நீர் வற்றும் நேரங்களின் அட்டவணை,
ஒரு வரியைப் பேனாவால் வட்டமிட்டு.
சனிக்கிழமை, காலை 6.12.
அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.
இன்று வியாழன்.