நாற்காலி போன திசை

இன்று முதல் பனிமேல் நடக்கத் தடை.
அந்த நகராட்சிக் காகிதத்தைப்
பசை தடவி ஒட்டுவது என் வேலை.
படகுத்துறைக் கம்பத்தில் ஒன்று,
மீன்கடைக் கதவில் ஒன்று.
பேருந்து நிறுத்தத்தில்
போன வருஷத்துத் தடையே உரியாமல் இருந்தது,
தேதியை மட்டும் திருத்தினேன்.

கல்லாஸ்தேயில் இதுதான் வசந்தம்:
கூரை விளிம்பெல்லாம் சொட்டுகிறது,
தெருவில் பாதி சேறு, பாதி கண்ணாடி.
காலையில் கழுத்துவரை பூட்டிய மேலங்கியை
மதியம் கையில் சுமக்க வேண்டியிருக்கிறது.
சூரியன் வந்து கதவைத் தட்டுகிறது,
செருப்பு மாட்டிக்கொண்டு போய்த் திறப்பதற்குள்
ஆளில்லை என்று போய்விடுகிறது.

லுக்கெரியா வீட்டில்
அடுப்புமேட்டில் சாக்குச் சாக்காய்
விதை வெங்காயம் சூடேறுகிறது.
குளிரில் கிடந்தால் காயாமல் பூத்துத் தொலையுமாம்.
நாலு மாதமாய்த் தலையணையிலும் அதே வாசம்.
அவள் புருஷன் ஃபெதோத்
மீன் நாற்றத்தோடு வந்து பக்கத்தில் படுப்பான்.
"ஒரு குழம்புக்கு வேண்டியதெல்லாம் கட்டிலில் இருக்கு,
உப்புதான் குறைச்சல்"
என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஃபெதோத்தின் பனிவண்டி அவனே கட்டியது:
மோட்டார்சைக்கிள் இஞ்சின்,
டிராக்டர் சக்கரத்து ட்யூப் நான்கு,
யாரோ கழித்துப் போட்ட காரின் இருக்கை.
பிப்ரவரியில் அது ஏரிக்கு ராஜா.
இப்போது அதன் நிழலில் கோழிகள்.

நேற்று சாயங்காலம்,
தடைக்கு முந்தின கடைசி ஒரு மணி நேரம் என்று
நடந்தே போனான்.
விரிசல் ஒன்று துப்பாக்கிபோல் வெடித்ததும்
திரும்பி ஓடி வந்தான்.
தூண்டில் வந்தது, வாளி வந்தது,
வாளிக்குள் வெள்ளரிக்காய் மணக்கும்
சின்னஞ்சிறு மீன்கள் முப்பது வந்தன.
நாற்காலி வரவில்லை.

பச்சை பிளாஸ்டிக் நாற்காலி.
லுக்கெரியாவின் தோட்டத்து நான்கில் ஒன்று.
ரசீதைக்கூட வைத்திருக்கிறாள்.

மத்தியானம் ஊரே
சிவப்பு மணற்பாறை மேல் ஏறி நின்றது.
கரைக்கும் பனிக்கும் நடுவே
கரும்பட்டையாய்த் தண்ணீர்.
மேற்குக் காற்று தள்ளத் தள்ள
அந்தப் பக்கம் போகிறது நாற்காலி,
யாரையோ உட்காரவைத்துத் தூக்கிப்போவதுபோல்
மெதுவாக, மரியாதையாக.

ஏரியின் நடுவே எல்லை.
தண்ணீரில் கோடு தெரியாது,
ஆனால் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும்.
ஃபெதோத்தின் அக்காள் இருப்பது அந்தக் கரையில்.
விசா, வரிசை, பாலம், மறுபடி வரிசை;
ஆறு வருஷமாய்த் தொலைபேசிதான்.
எல்லைக்காவல் பையன் தானெல்
தொலைநோக்கியை ஆளாளுக்குக் கடன் கொடுத்தான்.
மீன்கடை உஸ்தீன்யா
உப்புக்கண்டம் ஒன்றைப் பந்தயம் வைத்தாள்.
"தாண்டிடுச்சா?"
"இன்னும் இல்லை."
"இப்போ?"
தானெல் பதில் சொல்லவில்லை,
கைக்கடிகாரத்தைப் பார்த்து
எதையோ குறித்துக்கொண்டான்.

ராத்திரி காற்று திரும்பியது.

தூக்கத்தில் கேட்டேன்:
ஆயிரம் தட்டுகளை யாரோ
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குகிற சத்தம்.
விடிந்து பார்த்தால்
ஏரி கரையேறி வந்திருக்கிறது.
பாளம் பாளமாய், ஆள் உயரத்துக்கு,
லுக்கெரியாவின் வேலியை மடக்கிப் போட்டுவிட்டு
கொடிக்கயிறு வரை.
படகுத்துறைக் கம்பத்தைக் காணோம்.
தடை போட்ட காகிதத்தையும்
தடை மதிக்காத பனியே கொண்டுபோயிருந்தது.
இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

குவியலைக் கிளறிக் கிளறித் தேடினான் ஃபெதோத்.
ஒரு ரப்பர் கையுறை, நாணல்,
செத்த மீன் ஒன்று.
பச்சையாய் எதுவும் இல்லை.

பத்து மணிக்குச் சூரியன் வந்து
இந்த முறை கொஞ்சம் உட்கார்ந்தது.
லுக்கெரியா மிச்ச நாற்காலிகளை வெளியே போட்டாள்:
எனக்கு ஒன்று, உஸ்தீன்யாவுக்கு ஒன்று.
சிக்கரிக் காப்பி, வெங்காய அடை.
ஃபெதோத் ஒரு பனிப்பாளத்தின்மேல்
செய்தித்தாளை விரித்து
அதில் உட்கார்ந்தான், ஒன்றும் நடக்காதவன்போல்.

பைக்குள் தொலைபேசி அடித்தது.
அக்காள்.
"அங்கே காற்று எப்படி?" என்று கேட்டான் முதலில்.
பின்பு எழுந்து, நனைந்த பின்புறத்தோடு,
பாறைப் பக்கம் நடந்துபோய்
தணிந்த குரலில்
நாற்காலியின் நிறத்தைச் சொன்னான்.