காகம் போட்ட முள்

பங்குனி வெயிலில் எங்கள் கிணற்றை
இறைத்து முடித்தார்கள்.
இரண்டு மோட்டர், ஒரு பகல், அரை இரவு.
பக்கத்துக் காணி வெங்காயப் பாத்தி
வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.
காகம் ஒன்று மீன்முள்ளைத் தவறவிட்டதாம்.
கண்டவர் என் மனுசன், தவயோகராசா.
மீன்முள்தானோ, முருங்கைக் காம்போ என்று கேட்டேன்.
கேட்டதே பிழை.

நானும் சைவம்தான்.
கலியாண வீட்டிலும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு
முட்டை போட்டதோ என்று விசாரிப்பேன்.
மச்சாள் சிரிப்பா. சிரிக்கட்டும்.
இது எனக்கும் ஏதோ ஓர் ஆட்டுக்கும் இடையில்
நான் தனியே எழுதிய உறுதி.
ஆடு கையெழுத்து வைக்கவில்லை.

அவருக்கும் தொடக்கத்தில் அப்படித்தான்.
பேந்து படலையில் ஒரு பலகை:
அறை வாடகைக்கு, சைவம் மட்டும்.
சரி, வீடு எங்களுடையது.
பேந்து வாடகைப் பிள்ளைகளின் குப்பைவாளி.
பேந்து மதில் தாண்டி வரும் பொரியல் மணம்.
எங்கேயோ தின்றுவிட்டு
எங்கள் படியில் வாய் துடைத்த பூனைக்குக் கல்லெறி.
ஆகாயத்துக்கு வேலி அடைக்கக்
கதியால் கிடைக்கவில்லை.
கிணற்றுக்கு வலை போட்டார்.
வலை வாங்கியது குருநகரில். மீன்வலை.
அதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆளில்லை.

வலை போட்ட கிழமையே ஜெனிற்றா அகப்பட்டாள்.
வங்காலைப் பிள்ளை, கம்பஸில் இரண்டாம் வருசம்.
கட்டிலுக்குக் கீழே ஒரு போத்தல்,
தாய் அனுப்பிய கருவாட்டுச் சம்பல்,
பேப்பரில் மூன்று சுற்று.
மூடி திறக்கவேயில்லை.
சனிக்கிழமை சிநேகிதி வீட்டில் வைத்துத் தின்ன இருந்தாளாம்.
அவர் அதை ஈர்க்குமாற்றால் தள்ளித் தள்ளி
முற்றம் வரை கொண்டுவந்தார்,
பாம்பை ஓட்டுவதுபோல.
பிள்ளை ஒன்றும் கதைக்கவில்லை.
உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் பிலோமினா அக்கா வந்தா,
முப்பது வருசம் கழித்து.

சூரன்போர்க் கிழமை. நாவற்குழிப் பாலம் தாண்டி
கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடம்.
ஒரு வகுப்பறை, ஒன்பது குடும்பம், ஓர் அடுப்பு.
பாசையூர் பிலோமினா அக்கா சமைப்பா.
திருக்கை வெந்த சட்டியிலேயே சோறும் வேகும்.
பதினொரு வயதில் நான் வாயைத் திறக்க மறுத்தேன்.
ஆபத்துக்குப் பாவமில்லை, தின் என்றார்கள்.
அம்மாவும் சொன்னா.
பிலோமினா அக்கா மட்டும் சொல்லவில்லை.
மழைக்குள் இறங்கிப் போய்
புதுச்சட்டி ஒன்றோடு வந்தா.
எதை விற்று வாங்கினாவோ, இன்றைக்கும் தெரியாது.
அதில் பருப்பு. அகப்பையும் வேறு.
மகன் விரலை விட்டுப் பார்த்தபோது
புறங்கையில் ஒரு தட்டு:
'அது தங்கச்சியின்ரை, தொடாதை.'
எனக்கேன் இந்தப் பிடிவாதம் என்று
அவ ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் சொல்ல எனக்கும் தெரிந்திராது.

முற்றத்தில் இறங்கிப் போத்தலை எடுத்தேன்.
மூக்கைப் பொத்திக்கொண்டுதான்.
மூடி கசிந்திருந்தது. குமட்டியது.
ஜெனிற்றாவின் கையில் கொடுத்தேன்.
'பின்பத்தியில் ஓர் அடுப்பு சும்மா கிடக்கு.
நாளைக்குத் திருநெல்வேலிச் சந்தையில்
உனக்கொரு சட்டி வாங்குவம்.
நான் எட்டியும் பாக்கமாட்டன்.
மணம் வந்தால் என்ரை சன்னலை நான் சாத்துறன்.'

'அப்ப கொள்கையை விட்டிட்டீரோ?'
படலையடியில் நின்று கேட்டார்.

இரவு புட்டும் கத்தரிக்காய்ப் பாற்கறியும்.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டும்
கையில் கருவாடு மணத்தது.
அந்தக் கையாலேயே குழைத்துச் சாப்பிட்டேன்.
இரண்டாம் கவளத்தில் கொஞ்சம் நின்றேன் என்பதும் உண்மை.

வெளியே அவர் ரோர்ச் அடித்து
வலையில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.
காகங்கள் அடைந்து வெகுநேரம்.