ஒன்பது புள்ளி இரண்டு

பைசாந்து மருத்துவமனையின் பின்வாசல்.
விடியவில்லை. லாரி இன்னும் உறுமுகிறது.

நெலிதா பெட்டியைத் திறக்கிறாள்.
குறை சொல்ல முடியாத சிவப்பு.
அழுத்தினால் மீண்டெழுகிறது தசை.
மூக்குக்கும் புகார் இல்லை.

இரண்டு பொட்டலங்களின் இடுக்கில்
வெப்பமானியைச் செருகுகிறாள்.
ஒன்பது.

"பாலத்துக்கிட்டதான் குளிர்ப்பெட்டி நின்னுச்சு,
அரைமணிகூட இல்லை" என்கிறான் வில்மார்.
திரும்பிப் போகும் மாட்டிறைச்சிக்கு
அவன் சம்பளத்தில்தான் கைவைப்பார்கள்.
அதை அவன் சொல்லவில்லை.
அவளுக்குத் தெரியும்.

ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து
அடுத்த பெட்டியில், இன்னும் ஆழமாக,
நான்கு என்று காட்டேன் என்பதுபோல்
குத்துகிறாள்.

ஒன்பது புள்ளி இரண்டு.

மூன்றாம் மாடியில்
நேற்று வயிறு தைக்கப்பட்டவர்கள்
தூங்குகிறார்கள்.

கையெழுத்துப் போட்டவன்
அவள் பேனாவோடு போய்விட்டான்.

உள்ளே கரும்பலகையில்
இறைச்சியை அழித்துப்
பருப்பு என்று எழுதுகிறாள்.
சரியாக அழியவில்லை.